தோட்டாவை மறுபடி நிரப்பும் கலை

அமெரிக்க நாட்டில் கைத்துப்பாக்கிப் போட்டிகள் நடைபெறும் மைதானங்களில், ஒரு சுற்று முடிந்து துப்பாக்கிகள் யாவும் காலியாகிவிட்டன என்று நடுவர் அறிவித்தவுடன், போட்டியாளர்கள் குனிந்து தரையிலிருந்து எதையோ பொறுக்குவதைக் காணலாம். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்குவோரின் நினைவு நமக்கு வரும். அவர்கள் பொறுக்குவது, சுட்டபின் துப்பாக்கியிலிருந்து தெறித்து விழுந்த பித்தளைக் கூடுகளை. அவற்றைப் பையில் இட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். அடுத்த போட்டிக்குள் அதே கூடுகள் புதிய மருந்தும் புதிய குண்டும் பெற்று மறுபடியும் தோட்டாக்களாகிவிடுகின்றன. இந்த வேலை நடப்பது தொழிற்சாலையில் அன்று. வீட்டின் பின்கட்டிலோ கார்க் கொட்டகையிலோ ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு, பகலில் வேறு தொழில் பார்க்கும் சாதாரண மனிதர்கள் மாலை வேளையில் இதைச் செய்கிறார்கள்.

நம் நாட்டில் இத்தகைய வழக்கம் இல்லை. நம் சட்டமும் இதை வீட்டு வேலையாகக் கருதுவதில்லை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். ஆயினும் துப்பாக்கி சுடுதலில் நம்மவர் உலக அரங்கில் பதக்கம் பெற்றுவரும் இக்காலத்தில், ஒரு தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே வேற்றுமை ஏன் உண்டாகிறது, அந்த வேற்றுமையைப் போக்க ஒருவர் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பனவற்றை அறிந்துகொள்வதில் பயன் உண்டு.

முதலில் சொற்களைச் சற்றுத் தெளிவு செய்துகொள்வோம். மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ள எனக்கு இவ்விஷயத்தில் நமது வழக்கு எப்போதும் சிறிது இடர் தருவது. 'தோட்டா பாய்ந்தது' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பாய்வது தோட்டா அன்று, குண்டு. தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்த ஒரு முழு உருவம். அவற்றுள் முதலாவது பித்தளைக் கூடு. இரண்டாவது, அந்தக் கூட்டின் அடிப்புறத்தில் பொருத்தப்பட்ட, மிளகைவிடச் சற்றே பெரிய பிரைமர். தீபாவளியன்று சிறுவர்கள் விளையாட்டுத் துப்பாக்கியில் வைத்துச் சுடும் பொட்டு வெடியின் பெரியண்ணன் என்று அதைக் கூறலாம். அடிபட்டால் தீப்பொறி கக்கும். மூன்றாவது மருந்து. நான்காவது குண்டு. விசையை இழுத்தால் துப்பாக்கியின் ஊசி பிரைமரில் இடிக்கிறது. பிரைமரின் தீ மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து எரிந்து உண்டாகும் வாயு குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. பிரைமரும் மருந்தும் தீர்ந்துபோகின்றன. குண்டு இலக்கில் புதைந்துவிடுகிறது. மிஞ்சுவது கூடு ஒன்றே. நான்கிலும் விலை மிகுந்ததும் சாதாரணமாக அதுவே.

கூடு எப்போதும் மிஞ்சிக்கொண்டிருந்தது என்று எண்ணிவிடக்கூடாது. கார்ட்ரிட்ஜ் என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலத்தைத் தேடிப் போனால் காகிதம் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லில் முடிகிறது. பழைய தோட்டா காகிதச் சுருள்தான். 1857-ஆம் ஆண்டு நம் சிப்பாய்கள் பல்லால் கடித்துக் கிழிக்க மறுத்த கொழுப்புத் தடவிய தோட்டாவும் காகிதத்தால் ஆனதே. அதில் மறுபடி பயன்பட ஏதும் மிஞ்சாது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1866-இல், இங்கிலாந்தின் ஊலிச் அரசாங்கப் பட்டறையின் மேற்பார்வையாளராக இருந்த எட்வர்டு பாக்ஸர் என்ற இராணுவ அதிகாரி ஒருவகை உலோகத் தோட்டாவையும் பிரைமரையும் உருவாக்கினார். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஹைரம் பெர்டன் என்பவர் வேறொரு வகைப் பிரைமருக்குக் காப்புரிமை பெற்றார். பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே ஒரு துளை. பெர்டன் முறையில் நடுவை விட்டு விலகி இரண்டு சிறு துளைகள். காலப்போக்கில் ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் வேரூன்றிவிட்டது வேடிக்கைதான். நம் பேச்சுக்கு இது வெறும் வேடிக்கை அன்று. நடுவில் ஒற்றைத் துளை இருந்தால், உள்ளிருந்து ஓர் ஊசியை நேரே செலுத்திப் பழைய பிரைமரை எளிதில் வெளியே தள்ளிவிடலாம். இரண்டு துளைகள் பக்கவாட்டில் இருந்தால் அது இயலாது. அமெரிக்கர்கள் வீட்டு மேஜையில் இக்கலையைப் பரப்ப முடிந்ததற்கு ஊலிச் அதிகாரியின் அந்த ஒற்றைத் துளை பெரிதும் துணைசெய்தது.

இனி மேஜையருகே செல்வோம். ஏழெட்டுப் படிகள் கொண்ட வேலை அது. பொறுக்கி வந்த கூடுகளை முதலில் ஒவ்வொன்றாகப் பார்த்து, விரிசல் கண்டவற்றை ஒதுக்குகிறார்கள். மீதியை, பொடித்த மக்காச்சோளச் சக்கையோ வால்நட் ஓட்டுத் தூளோ நிரம்பிய அதிரும் கிண்ணத்தில் இட்டுச் சில மணி நேரம் துலக்குகிறார்கள். அதன் பிறகு கூட்டை ஓர் அழுத்துப் பொறியில் நிறுத்தி, டை எனப்படும் எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். இந்தப் படியின் காரணம் சுவையானது. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த இந்தப் பித்தளை, சுடும் கணத்தில் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயு பின்புறம் கசியாமல் காக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சுருங்கி அறையிலிருந்து எளிதாகக் கழன்றுவிடுகிறது. ஆனால் பழைய அளவுக்கு முழுவதும் சுருங்குவதில்லை. எஞ்சிய அந்த விரிவைப் பிடித்துப் பழைய அளவுக்குக் கொணர்வதே அச்சின் வேலை. அதே அசைவில் பழைய பிரைமரும் உதிர்ந்துவிடும்.

பிறகு புதிய பிரைமரைப் பொருத்துகிறார்கள். கூட்டின் வாயைச் சற்று மலர்த்துகிறார்கள். மருந்தை அளந்து இடுகிறார்கள். குண்டை வைத்து உரிய ஆழத்துக்கு இறக்குகிறார்கள். மலர்த்திய வாயைத் திரும்ப நேராக்குகிறார்கள். கடைசியில், துப்பாக்கி அறையின் அளவுக்கே கடைந்தெடுத்த ஓர் உலோகக் குழியில் ஒவ்வொரு தோட்டாவையும் போட்டுப் பார்க்கிறார்கள். தடையின்றி இறங்கித் தடையின்றி வெளிவந்தால் தேறியது. ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் செய்யும் சாதாரணப் பொறியும் உண்டு. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லாப் படிகளும் ஒருங்கே நடந்து ஒரு தோட்டா விழும் வட்டப் பொறியும் உண்டு. வாரந்தோறும் சில நூறு தோட்டாக்களைச் சுட்டுத்தீர்ப்பவர்கள் பின்னதை நாடுகிறார்கள். புதிதாகக் கற்பவருக்கு முன்னதே நல்லது என்பது அனுபவசாலிகளின் கருத்து. எனக்கும் அதுவே நியாயமாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு படியிலும் கண் நின்று பார்க்க அவகாசம் இருக்கிறதல்லவா?

மருந்தின் அளவைக் குறிக்க உலகெங்கும் வழங்குவது கிரெய்ன் என்னும் பழைய எடை. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர்கள் பொன் நிறுக்கப் பயன்படுத்திய குன்றிமணியில் பாதிக்குச் சற்று அதிகம். போட்டிக்குரிய கைத்துப்பாக்கித் தோட்டாவில் இடும் மருந்து பெரும்பாலும் இரண்டு மூன்று குன்றிமணி எடைதான். அந்த இரண்டு மூன்று குன்றிமணி மருந்து 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்குள் உண்டாக்கும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தொழில் நிறுவனங்கள் வகுத்துள்ள உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. கார்ச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் அது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இத்தனை ஆற்றல் முகத்துக்கு எதிரே ஒரு முழத் தொலைவில் அடங்கி நிற்கிறது. ஆகவேதான் மருந்தின் எடையைத் தாமாக ஊகித்து இடும் உரிமை இங்கு எவருக்கும் இல்லை. மருந்து செய்யும் நிறுவனங்கள் வெளியிடும் கையேட்டில், இன்ன மருந்து, இன்ன குண்டு, இன்ன தோட்டாவுக்குத் தொடக்க அளவு எது, தாண்டக்கூடாத அளவு எது என்று அட்டவணை இருக்கும். முறையாகப் பயின்றவர் தொடக்க அளவிலிருந்தே ஆரம்பிக்கிறார். நண்பர் சொன்ன அளவை நம்பி இடுபவர் தம் விரல்களைப் பணயம் வைக்கிறார்.

இவ்வளவு தொல்லை எதற்கு, கடையில் வாங்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். செலவு குறைகிறது என்பது வழக்கமாகக் கிடைக்கும் விடை. அது உண்மையே, ஆனால் பாதி உண்மை. இக்கலையில் ஊறியவர்களைக் கேட்டால், தோட்டா ஒன்றுக்கு ஆகும் செலவு குறைகிறது, ஆனால் அதனாலேயே அதிகம் சுடுகிறோம், ஆகையால் மிச்சம் ஒன்றும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மெய்யான காரணம் சீர்மை. தம் துப்பாக்கிக்கும் தம் போட்டிக்கும் ஏற்ற ஒரே அளவான தோட்டாவைத் தாமே தீர்மானித்துக்கொள்ள முடிகிறது.

இதற்குச் செயல்முறைச் சுடுதல் என்னும் போட்டி வகை நல்ல உதாரணம். ஓடியும் திரும்பியும் பல இலக்குகளைக் குறுகிய நேரத்தில் சுடும் இப்போட்டிக்கு, 1976-ஆம் ஆண்டில் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் கூடியவர்கள் சர்வதேச அமைப்பொன்றை நிறுவினார்கள். வேகமும் குறியும் மட்டும் போதும் என்று விட்டால், எல்லோரும் உதைப்பே இல்லாத மெல்லிய தோட்டாவைக் கொண்டுவந்துவிடுவார்கள். ஆகவே ஆற்றல் எண் என்று ஒன்றை விதித்தார்கள். குண்டின் எடையைக் கிரெய்னிலும், அதன் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். அது 125-க்குக் குறையக்கூடாது. அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி 165-ஐ எட்டினால் உயர் வகுப்பு. இலக்கின் நடுவை விட்டு விலகிப் பட்ட அடிக்கும் கூடுதல் புள்ளி கிடைக்கும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. 115 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 1150 அடி வேகத்தில் சென்றால் எண் 132. 147 கிரெய்ன் குண்டு 900 அடி வேகத்தில் சென்றாலும் எண் 132-தான். விதியின் பார்வையில் இரண்டும் ஒன்று. சுடுபவரின் கைக்கு ஒன்றல்ல. கனமான குண்டை மெதுவாகத் தள்ளக் குறைந்த மருந்து போதும். துப்பாக்கியின் உதைப்பில் குண்டுக்கு மட்டுமன்றிச் சீறி வெளியேறும் வாயுவுக்கும் பங்கு உண்டாகையால், மருந்து குறைந்தால் உதைப்பின் கூர்மையும் குறைகிறது. மணிக்கட்டு முன்னதாகவே நிலைக்கு வந்துவிடுகிறது. அடுத்த இலக்குக்கு அரைக்கால் வினாடி மிச்சமாகிறது. கடையில் விற்கும் தோட்டா பலவகைப்பட்ட துப்பாக்கிகளில் இயங்க வேண்டியது என்பதால், 125-ஐ விடக் கணிசமாக மேலேயே செய்யப்படுகிறது. வீட்டில் நிரப்புபவர் 130-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்கிறார். மிகவும் ஒட்டி நிறுத்தினாலும் ஆபத்துத்தான். பெரிய போட்டிகளில் அதிகாரிகள் ஒவ்வொருவரிடமும் சில தோட்டாக்களைக் கேட்டு வாங்கி, ஒன்றைப் பிரித்துக் குண்டை நிறுத்து, மற்றவற்றை வேகமானியின் முன் சுட்டுப் பார்ப்பார்கள். 125-ஐத் தொடாவிட்டால் அன்றையப் போட்டி முழுவதற்கும் புள்ளி பூஜ்யம். குளிரில் சற்றே மந்தமாக எரியும் மருந்தை நம்பி, கோடையில் அளந்த எண்ணோடு குளிர்காலப் போட்டிக்குச் சென்றவருக்கு இந்தக் கதி நேரலாம்.

குறியை மட்டுமே நோக்கமாகக் கொண்ட போட்டிகளில் கதை வேறு. அங்கு விருப்பமானது, முன்புறம் கூராக இல்லாமல் வெட்டிவைத்த கட்டை போன்ற தட்டைக் குண்டு. அது காகித இலக்கில் கிழிசல் இல்லாமல் வட்டத் துளை இடும். புள்ளி எண்ணுவதில் தகராறு வராது. 25 மீட்டர் தொலைவுச் சென்டர்ஃபயர் பிஸ்டல் போட்டி இவ்வகையைச் சேர்ந்தது. அதன் துல்லியச் சுற்றில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 50 மில்லிமீட்டர், அதாவது ஒரு சிறிய எலுமிச்சம்பழம். 2006-ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் ஜஸ்பால் ராணா இந்தப் போட்டியில் 600-க்கு 590 எடுத்து, அன்றைய உலக சாதனையைச் சமன் செய்து தங்கப் பதக்கம் பெற்றார். அறுபது அடிகளில் இழந்தது பத்தே புள்ளிகள். அந்நிலையில், கை தவறியதா, தோட்டா தவறியதா என்ற ஐயத்துக்கு இடமே இருக்கக்கூடாது அல்லவா? சீர்மைக்கு இத்தனை மதிப்புக் கொடுப்பதன் பொருள் அதுவே.

இனி அபாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் தோட்டாவைச் சோதிக்கத் தனியே ஆட்களும் கருவிகளும் உண்டு. வீட்டு மேஜையில் செய்பவரும் சோதிப்பவரும் ஒருவரே. அவருடைய கவனம் ஒரு கணம் சிதறினால் அதைக் கண்டுபிடிக்க இரண்டாவது மனிதர் இல்லை.

மிகக் கொடிய பிழை, ஒரே கூட்டில் இருமுறை மருந்து இட்டுவிடுவது. இது எளிதாக நேர்வதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. பழங்காலத்து மருந்து வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கரிமருந்து; நிறைய இட்டால்தான் வேலை செய்யும். 1884-இல் பிரான்சு நாட்டின் போல் வியேல் என்ற விஞ்ஞானி, பஞ்சை அமிலத்தில் தோய்த்துப் பெறும் நைட்ரோசெல்லுலோஸைக் கொண்டு புகையற்ற மருந்தைச் செய்தார். சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் கார்டைட் தோன்றியது. நம் நீலகிரியின் அருவங்காட்டில் பிரிட்டிஷார் நிறுவிய தொழிற்சாலையின் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. புகையற்ற மருந்தில் சிறிதளவே பேராற்றல் தரும். ஆனால் '.38 ஸ்பெஷல்' போன்ற பழந்தோட்டாக்களின் கூடு, கரிமருந்தின் கொள்ளளவை ஒட்டி நீளமாக அமைந்தது. அதில் இக்கால மருந்தை இட்டால் அடியில் சிறிதளவு கிடக்கும். மேலே பெரும்பகுதி வெற்றிடம். இருமுறை இட்டாலும் வழியாது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஐயமும் எழாது. தொலைபேசி மணி அடித்து எழுந்து சென்றவர், திரும்பி வந்து எந்தக் கூட்டில் நிறுத்தினோம் என்று மறந்தால் போதும். அத்தோட்டா வெடிக்கும் நாளில் ரிவால்வரின் உருளையே பிளந்துவிடலாம்.

ஆகையால், மருந்திட்ட கூடுகளைத் துளையிட்ட மரப்பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு வைக்குமுன் விளக்கொளியில் ஒவ்வொன்றின் உள்ளும் நோக்கி மட்டம் பார்ப்பது இவ்வேலையின் தலையாய விதி. கூட்டில் பாதிக்கு மேல் நிரம்பும் பருமனான மருந்தைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது. இருமுறை இட்டால் வழிந்து தானே காட்டிக்கொடுத்துவிடும். மேஜைமீது ஒரே சமயத்தில் இரண்டு மருந்து டப்பாக்கள் இருக்கலாகாது. வானொலியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள் என்றும் சில கையேடுகள் அறிவுறுத்துகின்றன. வானொலி நேயர்களிடம் இதைச் சொல்வது சற்றுச் சங்கடந்தான்!

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. மருந்தே இடாமல் விட்டுவிட்டால், பிரைமரின் வலிமை மட்டும் குண்டைக் குழலின் நடுவரை தள்ளி அங்கே சிக்கவைத்துவிடும். வழக்கமான வெடிச் சத்தத்துக்குப் பதில் 'டப்' என்று ஒரு மந்தமான ஒலி கேட்கும். போட்டியின் பரபரப்பில் அதைக் கவனியாமல் மறுபடி விசையை இழுத்தால், அடைபட்ட குழலில் இரண்டாவது குண்டு மோதிக் குழல் வெடிக்கும். அந்த ஒலியைக் கேட்டவுடன் 'நிறுத்து' என்று கூவுவது மைதான அதிகாரியின் கடமை. அதுபோல, குண்டு உரிய ஆழத்தைவிட உள்ளே அமுங்கிவிட்டால் மருந்துக்கு இடம் குறைந்து அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். வெளிப்பார்வைக்கு அது நூலிழை வேற்றுமையே.

ஈய நஞ்சைப் பற்றி ஒரு சொல். பிரைமர்களில் பெரும்பாலும் ஈயக் கூட்டுப்பொருள் உண்டு. சுட்ட கூடுகளைத் துலக்கும்போது எழும் தூசியில் அது கலந்திருக்கும். மேஜையருகே உண்பதும் புகைப்பதும் கூடாது. குழந்தைகளை அண்டவிடக் கூடாது. எழுந்தவுடன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

இனி நம் நாட்டு நிலை. அமெரிக்காவில் ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்புவதற்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைக்குச் செய்தால்தான் தேவை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. அதன் ஐந்தாம் பிரிவின்படி உரிமமின்றித் தோட்டா தயாரித்தல் குற்றம். தோட்டா என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் தோட்டாவின் உறுப்புகளும், அதைச் செய்யும் யந்திரங்களும்கூட அடங்கும். ஆகவே இங்கே வீட்டு மேஜையில் ஓர் அழுத்துப் பொறியை நிறுவுவது பொழுதுபோக்காகாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமமற்ற தயாரிப்புக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டுச் சிறை. ஆயுள் தண்டனை வரை செல்லலாம். நாட்டுத் துப்பாக்கியும் கள்ளத் தோட்டாவும் பல மாநிலங்களில் உயிர்களைக் குடித்துவரும் நிலையில், அரசு இவ்வளவு கடுமை காட்டுவதில் வியப்பில்லை. ஆயினும் இதன் சுமையில் ஒரு பங்கு விளையாட்டு வீரர்மீதும் விழுகிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்கீழ் அவருக்கென ஒதுக்கப்படும் தோட்டாக்களுக்கு ஆண்டு வரம்பு உண்டு. உயர்தரப் போட்டித் தோட்டா பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது. கப்பல் தாமதித்தால் பயிற்சியும் தாமதிக்கும்.

நம்மவர் அதிகம் கலந்துகொள்ளும் ஒலிம்பிக் பந்தயங்களை நோக்கினால், இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. 10 மீட்டர் போட்டியில் பயன்படுவது காற்றுத் துப்பாக்கி. அதற்குத் தோட்டாவே வேண்டாம். 2024-இல் பாரிஸ் நகரில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றது அதில்தான். 2012-இல் லண்டனில் விஜயகுமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் துரிதச் சுடுதலுக்கு வேண்டியது '.22' அளவுத் தோட்டா. இதில் தனிப் பிரைமர் கிடையாது. கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே தீமூட்டும் கலவை பூசப்பட்டிருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கிவிடுவதால் அக்கூட்டை அமெரிக்கரும் மறுபடி நிரப்ப முற்படுவதில்லை. இவ்விடத்தில் உலகத்து வீரர் அனைவரும் ஒரே படியில் நிற்கிறார்கள். சீர்மையை அவர்கள் தேடும் வழியும் ஒன்றே. ஒரே நிறுவனம் ஒரே பெயரில் விற்கும் தோட்டாவிலும், தயாரித்த தொகுதிக்குத் தொகுதி சிறு வேற்றுமை உண்டு. பல தொகுதிகளிலிருந்து சிலவற்றை எடுத்து, துப்பாக்கியை ஒரு பிடியில் அசையாமல் பொருத்திச் சுட்டுப் பார்க்கிறார்கள். எந்தத் தொகுதியின் துளைகள் நெருக்கமாக விழுகின்றனவோ, பெட்டிமேல் அச்சிட்ட அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, தீர்ந்துபோவதற்குள் அந்த எண்ணுள்ள பெட்டிகளையே தேடி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.